அன்று அதில் பாட்டு ஓடவில்லை

தம்பி,

இதைக் காடிக்குள் ஸ்டீரிங்மேல் வைத்துப் படிக்காதே. வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, உட்கார்ந்து படி. போனிலேயே சொல்லிவிடலாம் என்று இந்த வாரத்தில் நான்கு தடவை உன்னைக் கூப்பிட்டேன். நீ "சாப்டீங்களாப்பா?" என்றாய். "சாப்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். முப்பத்தொரு வருஷம் தோட்டத்து ஆபீசில் கிராணியாக உட்கார்ந்து எழுதியவன் நான். வாயால் முடியாததைக் கையால் செய்து பார்க்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். விரல்கள் முன்போல் இல்லை.

மருமகள் எனக்குப் போன் செய்தது உனக்குத் தெரியாது. அவள்மேல் கோபப்படாதே. யாழினி பள்ளியில் நெடுந்தூர ஓட்டத்துக்குத் தேர்வாகியிருக்கிறாளாம், தினமும் சாயந்தரம் தாமான் வீடுகளைச் சுற்றி ஓடுகிறாளாம், சட்டையில் குத்திக்கொள்கிற சின்ன எம்.பி.திரீ பிளேயர் ஒன்றைத் தோழியிடம் வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டு ஓடியதை நீ பார்த்துவிட்டாயாம். காடியை நடுரோட்டிலேயே நிறுத்தி இறங்கி, அதைப் பிடுங்கிக் காலில் போட்டு மிதித்தாய். பிள்ளை, "பாட்டியைப் பாட்டா கொன்னுச்சு? லோரிதானே கொன்னுச்சு?" என்று கேட்டாள். நீ அவளைக் கன்னத்தில் அறைந்தாய். பதினைந்து வயதுப் பெண்ணை, தெருவில், நாலு பேர் பார்க்க. அன்றிலிருந்து அவள் உன்னோடு பேசவில்லை, ஓடவும் போகவில்லை என்று மருமகள் அழுதாள். "அவரு காடியில ரேடியோகூடப் போட விடமாட்டாரு மாமா. பதினொரு வருஷமா எங்க வீட்டுல பாட்டுச் சத்தமே இல்ல. டாக்டர் அவரையும் நடக்கச் சொல்றாரு, நடக்கவும் மாட்டேங்கறாரு" என்றாள். நீ கை ஓங்கியதற்கு நான்தான் காரணம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? உன்னிடம் சொல்லாததை அவளிடம் எப்படிச் சொல்வது?

உன் அம்மாவுக்குக் காது கேட்காது, தம்பி. உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஒரே நாளில் போனதில்லை. ஸ்க்ரூ செய்கிற ஃபேக்டரியில் அவள் பதினெட்டு வருஷம் இரும்பை அடிக்கிற அச்சு மெஷினுக்குப் பக்கத்தில் நின்றாள். அந்தச் சத்தத்தை நான் ஒரு தடவை, சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டாள் என்று கொண்டுபோய்க் கொடுத்தபோது கேட்டிருக்கிறேன். வாசலிலேயே நிற்க முடியவில்லை. காதில் அடைத்துக்கொள்ள நுரைப் பஞ்சு கொடுப்பார்கள். அதை வைத்தால் சூப்பர்வைசர் கூப்பிடுவது கேட்கவில்லை என்று இவள் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வாள். வேலையை விட்டு நிற்கும்போது குக்கர் விசில் தெரியாது. அப்புறம் குழாயில் தண்ணீர் ஓடுவது தெரியாது. "காப்பிக்குச் சீனி போட்டியா?" என்று நான் கேட்டால், "தண்ணி அப்பவே போட்டாச்சு" என்பாள். முதலில் இரண்டு பேரும் சிரித்தோம்.

சிரிப்பு சீக்கிரம் நின்றுபோனது. அவளுக்குக் கேட்க வேண்டுமென்றால் நான் கத்த வேண்டும். நம் வரிசை வீடுகள் எப்படி என்று உனக்குத் தெரியும், ஒரு சுவர்தான். பக்கத்து வீட்டுக்காரி ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "என்னா கிராணி, வீட்டுல ஒரே சண்டையா இருக்கு?" என்று கேட்டுவிட்டாள். எனக்கு அது பெரிய மானக்கேடாகப் பட்டது. அன்றிலிருந்து பேச்சைக் குறைத்துக்கொண்டேன். சோறு, மாத்திரை, கரண்டு பில், தீர்ந்துபோன கேஸ் தோம்பு. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கத்த அலுத்துப்போய், பேசுவதையே நிறுத்தினேன். அவள் என் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வாள் என்று தெரிந்தும், பேப்பரைப் பார்த்துக்கொண்டே பேசினேன். ஒரு தடவை சிரம்பான் ஆஸ்பத்திரியில் காட்டலாமா என்று நானே கேட்டேன். "அந்த மிஷினைக் காதுல வச்சா ஊரு முழுக்கச் செவிடின்னு சொல்லும். வேணாங்க" என்றாள். சரி என்று விட்டுவிட்டேன். அவள் வேண்டாம் என்றது எனக்கு வசதியாக இருந்தது. அவளுக்குக் கூச்சம், எனக்குச் சோம்பல்.

உனக்கு ஏன் தெரியவில்லை என்று நீ இப்போது யோசிப்பாய். போனில் நீ அம்மாவைக் கேட்கும்போதெல்லாம், "குளிக்கிறா", "கோயிலுக்குப் போயிருக்கா" என்று நான் சொன்னேன். அவள் அப்படிச் சொல்லச் சொன்னாள். நேரில் வரும்போது நீ அடுப்படிக்கே போய் அவள் எதிரில் நின்று, முகத்தைப் பார்த்துப் பேசுவாய். அப்படிப் பேசினால் அவளுக்கு எல்லாம் விளங்கும். அதனால்தான் நீ கண்டுபிடிக்கவில்லை.

அவளுக்கு இனிப்புநீர் வியாதி வந்து, தினமும் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும் என்று ரந்தாவ் கிளினிக்கில் சொன்னார்கள். அவளுக்கு நடப்பதில் இஷ்டமே இல்லை. "ஃபேக்டரியில நின்னது பத்தாதா?" என்பாள். அந்தத் தீபாவளிக்கு நீ வந்தபோது அந்தப் பிளேயரைக் கொண்டுவந்தாய். தீப்பெட்டியில் பாதி அளவு, நீல நிறம். அவளுக்குப் பிடித்த பழைய பாட்டுகளாக இருநூறுக்கு மேல் தேடித் தேடி அதில் ஏற்றியிருந்தாய். "அம்மா, இதைக் கேட்டுக்கிட்டே நடந்தீங்கன்னா நேரம் போறதே தெரியாது" என்று நீயே அவள் காதில் மாட்டிவிட்டாய். சத்தத்தை எங்கே கூட்டுவது என்று காட்டிக்கொடுத்தாய். அவள் அமுக்கினாள், இன்னும் அமுக்கினாள், கடைசிவரை கூட்டினாள். பிறகு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். "அம்மாவுக்கு இந்தப் பாட்டுன்னா உசுரு" என்று நீ என்னிடம் சொல்லிச் சிரித்தாய்.

நீ கிளம்பிப் போனபின் அவள் என்னிடம் சொன்னாள்: "பாட்டுக்குப் பின்னால வயலின் வருதுங்க. அப்படி ஒண்ணு இருந்ததே மறந்துபோச்சு." பாட்டு நேராகக் காதுக்குள் போனதால் கொஞ்சம் கேட்டிருக்கிறது. அதற்குப் பிறகு அவள் நடக்காத நாள் இல்லை. மழை தூறினாலும் போவாள். திரும்பி வரும்போது முகம் வேறு மாதிரி இருக்கும். அவள் பாடுவதை வெகு காலத்துக்குப் பிறகு நான் கேட்டேன், சுருதி சேராமல்தான். அவளுடைய கடைசி ஒன்பது மாதத்தில் அவளுக்குச் சந்தோஷம் என்று ஒன்று இருந்தது என்றால் அது நீ கொடுத்தது. இதை நீ நம்ப வேண்டும். நான் உனக்குச் சொன்ன பொய்யை நம்பினாயே, அதே அளவுக்கு இதையும் நம்பு.

ஆனால் பயமும் இருந்தது அவளுக்கு. நம் வீட்டிலிருந்து வெளியே வந்தால் செம்பனைத் தோட்டத்துச் சாலை. குலை ஏற்றிய லோரிகள் காலையில் எண்ணெய் ஆலைக்குப் போகும். அந்த வளைவில் ஓரம் கிடையாது, கால்வாய்தான். ஒரு நாள் காலணியைப் போட்டுக்கொண்டே என்னைக் கேட்டாள்: "நீங்களும் கூட வாங்களேன். பின்னால வண்டி வந்தா எனக்குத் தெரியல."

"ஓரமா நட. எனக்கு முட்டி வலி" என்றேன்.

எனக்கு முட்டி வலி கிடையாது. அப்போது நான் தினமும் சைக்கிளில் கோலா சாவாவில் இருக்கிற கடைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். அவளோடு நடந்தால் ரோட்டில் கத்திப் பேச வேண்டும், எதிரில் வருபவர்கள் பார்ப்பார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. இன்னொரு தடவை, ஒரு மாதம் கழித்து, "தோட்டத்து வேலி வரைக்குமாவது வாங்க, அந்த வளைவை மட்டும் தாண்டி விட்டுட்டுத் திரும்பிடுங்க" என்றாள். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அந்த நிமிஷத்தில் அவளல்ல, நான்தான் செவிடன் மாதிரி இருந்தேன். மூன்றாம் தடவை அவள் கேட்கவில்லை.

இனி வருவதுதான் நீ தெரிந்துகொள்ள வேண்டியது. அவள் இறப்பதற்கு இரண்டு வாரம் முன்னால் அந்தப் பிளேயர் கெட்டுப்போனது. நடக்கப் போகும் கால்சட்டையின் பையில் இருந்ததைப் பார்க்காமல் துவைக்கிற மெஷினில் போட்டுவிட்டாள். எடுத்து வெயிலில் வைத்தாள். அரிசி டின்னுக்குள் மூன்று நாள் புதைத்து வைத்தாள். யாரோ சொன்னார்களாம், அரிசி ஈரத்தை இழுக்கும் என்று. உயிர் வரவில்லை. உனக்குப் போன் செய்து சொல்கிறேன் என்றேன். "சொல்லாதீங்க. ஆசையா வாங்கிக் கொடுத்தான், மனசு கஷ்டப்படுவான். தீபாவளிக்கு வரும்போது நானே சொல்லிக்கிறேன்" என்றாள்.

மறுநாள் காலை பார்த்தால் அதே பிளேயரைச் சட்டையில் குத்தி, வயரைக் காதில் மாட்டிக்கொண்டு கிளம்புகிறாள். "அதான் ஓடலையே?" என்று கையைக் காட்டிக் கேட்டேன்.

"இது காதுல இருந்தா, யாராவது கூப்பிட்டு நான் திரும்பலைன்னாலும் பாட்டு கேக்கறான்னு நெனச்சுக்குவாங்க. வெறும் காதோட போனா தெரிஞ்சிடும்லா" என்றாள்.

இரண்டு வாரம் அவள் அப்படித்தான் நடந்தாள். அந்தச் சத்தமில்லாத வயர்கள் மட்டும் காதில் இருக்க, முக்கால் மணி நேரம். அதைப் பார்த்தபோதாவது எழுந்து கூடப் போயிருக்க வேண்டும். போகவில்லை.

அவள் போன அன்று, முந்தின நாள் பெய்த மழைத் தண்ணீர் வளைவில் தேங்கியிருந்தது. தண்ணீரை மிதிக்காமல் இருக்கச் சாலைக்குள் இரண்டடி ஏறியிருக்கிறாள். நான் வீட்டு முன்னால் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். லோரி ஹோன் அடித்தது. மறுபடி நீளமாக அடித்தது. மூன்றாவது தடவை விடாமல் அடித்தது. மூன்றையும் நான் கேட்டேன், தம்பி. மாடு ஏதாவது குறுக்கே நிற்கும் என்று நினைத்துக் காப்பியை முடித்தேன். பிறகு பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்தாள்.

அந்த டிரைவர் சின்ன வயது மலாய்க்காரன். சாலையோரத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, பார்க்கிற பெரியவர்களையெல்லாம் மாமா முறை வைத்துக் கூப்பிட்டு, "ஹோன் அடிச்சேன் பாக்சிக், மூணு தடவை அடிச்சேன், திரும்பவே இல்ல" என்று மலாயில் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் பொய் சொல்லவில்லை.

சாவு வீட்டில் நடந்தது உனக்கு மறந்திருக்காது. கிள்ளானிலிருந்து நீ வந்து சேர்ந்தபோது உன் மாமா ரெம்பாவிலிருந்து முன்பே வந்திருந்தார். அவருக்கு ஒரே அக்கா. வாசலில் கூடாரத்துக்குக் கீழே, ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கும்போது என்னைப் பார்த்து, "மூணு தடவை ஹோன் அடிச்சிருக்கான். எங்க அக்காவுக்கு எப்படி மச்சான் கேக்காமப் போச்சு?" என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். காது கேட்காதவளை லோரி ஓடுற ரோட்டில் தனியாக ஏன் விட்டாய்? அதற்கு என்னிடம் முட்டி வலியைத் தவிர வேறு பதில் இல்லை. அப்போது நீ உள்ளேயிருந்து இரண்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாய். நான் உன் பக்கம் கையைக் காட்டினேன். "அவனைக் கேளுங்க. அவன்தான் அந்தச் சனியனை வாங்கி அவ காதுல மாட்டிவிட்டான்" என்றேன்.

நீ நாற்காலிகளைக் கீழே வைத்தாய். உன் முகத்தில் நிறம் போனதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, கேள்வி என்னை விட்டுப் போய்விட்டது என்று எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை. அதற்குப் பிறகு நீதான் கொள்ளி வைத்தாய். அத்தனை பேரும் உன்னைப் பார்த்த பார்வையோடு வைத்தாய்.

அதோடும் நான் நிற்கவில்லை. போலீஸ் கொடுத்த பையில் அவளுடைய கடிகாரம், ஒற்றைக் காலணி, அந்தப் பிளேயர் மூன்றும் இருந்தன. யாராவது அதை ஓட்டிப் பார்த்தால், எப்போது கெட்டது என்று கேட்டால், என்ன செய்வது என்று பயந்தேன். லிங்கி ஆற்றில் அஸ்தி கரைக்கும்போது சட்டைப் பையிலிருந்து அதை எடுத்துக் கலயத்துக்குள் போட்டேன். "அதை ஏம்பா போடறீங்க?" என்று நீ கேட்டாய். "அது இருக்கிற வீட்டுல நான் இருக்க மாட்டேன்" என்றேன். உன்மேல் உள்ள கோபத்தில் செய்கிறேன் என்று நினைத்து, இடுப்பளவு தண்ணீரில் நின்று நீ அழுதாய். அது கோபம் இல்லை. திருடன் தடயத்தை மறைக்கிற வேலை.

பிறகு சொல்லியிருக்கலாம். ஒரு தடவை எனக்கு வயிற்றில் ஆபரேஷன் முடிந்து உன் காடியில் அழைத்துவந்தாய். பொர்ட்டிக்சன் திருப்பத்தில், "அப்பா, நான் அதை வாங்கித் தராம இருந்திருந்தா அம்மா இருந்திருப்பாங்கல்ல?" என்று கேட்டாய். காடிக்குள் நீயும் நானும் மட்டும். ஒரே ஒரு வார்த்தை போதும். "ரோட்டைப் பாத்து ஓட்டு" என்றேன். நீ ரோட்டைப் பார்த்து ஓட்டினாய். அன்று சொல்லியிருந்தால் யாழினி அறை வாங்கியிருக்க மாட்டாள்.

புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் அப்பன் என்ற முறையில் சிலது சொல்கிறேன். பிள்ளை ஓடட்டும். பாட்டு கேட்டு ஓடினால் கேட்கட்டும். ஒரு காதை மட்டும் திறந்து வைத்துக்கொள்ளச் சொல், வண்டி எதிரே வருகிற பக்கமாக ஓடச் சொல். கேட்கிற காது இருக்கிறவளுக்கு அது போதும். அவள் கேட்ட கேள்வியில் தப்பு இல்லை, அதற்கான பதிலை உன்னிடமிருந்து ஒளித்து வைத்தவன் நான். டாக்டர் சொன்னபடி நீயும் நட. மருமகளைக் கூட்டிக்கொண்டு போ. அவள் கூப்பிட்டால் அந்த நிமிஷமே எழுந்து போ, உண்மையிலேயே முட்டி வலித்தாலும் போ. அவள் சொல்வது உனக்குக் கேட்கவில்லை என்றால் திரும்பவும் கேள், உன்னுடையது அவளுக்குக் கேட்கவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்து. ஊர் என்ன நினைக்கும் என்று நான் காப்பாற்றிய மானத்தை இப்போது எடுத்துப் பார்க்கிறேன். அதில் ஒன்றும் இல்லை.

என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. எழுபத்து நாலு வயதில் மன்னிப்பை வாங்கி வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்? உன் தலையில் நான் வைத்ததை நானே எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

நேற்று உன் மாமா வந்திருந்தார். முதலில் அவரிடம் சொன்னேன். முழுதும் கேட்டார். குறுக்கே ஒரே ஒரு கேள்விதான். "அக்கா உங்களைக் கூட வரச் சொல்லிக் கேட்டாங்களா?"

"ரெண்டு தடவை" என்றேன்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். மோட்டார் சைக்கிளில் ஏறி, தலைக்கவசத்தின் வாரை இரண்டு தடவை கழற்றி மாட்டினார். பிறகு போய்விட்டார். இன்று காலை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. நீயும் எடுக்காமல் இருக்கலாம். அதற்கு உனக்கு முழு உரிமை இருக்கிறது.

அடுத்த மாதம் அம்மாவின் திதி. எப்போதும் நீ, நான், ஐயர் என்று மூன்று பேரோடு முடித்துக்கொள்வோம். இந்த வருஷம் அன்றைக்குக் கூடாரத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்களில் உயிரோடு இருக்கிற எல்லாரையும் அழைத்திருக்கிறேன். வீடு வீடாகப் போய் நானே சொல்லிவிட்டு வந்தேன். அத்தனை பேர் முன்னால் உன்னைச் சொன்னேன், அத்தனை பேர் முன்னாலேயே என்னைச் சொல்லப் போகிறேன். சாப்பாட்டுக்கு முன்னாலேயே சொல்லிவிடுவேன், சாப்பிடாமல் போகிறவர்கள் போகட்டும். நீ வந்தாலும் சொல்வேன், வராவிட்டாலும் சொல்வேன். வருவதாக இருந்தால் யாழினியையும் கூட்டிக்கொண்டு வா.

அப்பா